மலையில பிள்ளைங்களுக்கு ஆராதனைக் கூட்டம் வெக்கப் போறீங்களா, இதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க

ஏப்ரல் கடைசி ஆச்சுன்னா கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர்னு நம்ம மலையில எந்த சபைக்குப் போனாலும் விபிஎஸ் (பிள்ளைங்களுக்கு லீவுல நடத்தற விடுமுறை வேதாகமப் பள்ளி) பேச்சு தான், கீழ இருந்து கோயம்புத்தூர், திருநெல்வேலி டீமுங்க கீபோர்டும் ஸ்பீக்கரும் வேன்ல ஏத்திக்கிட்டு வர ஆரம்பிச்சிருவாங்க. நான் கோத்தகிரி பக்கம் சண்டே ஸ்கூல் டீச்சர், கை தட்டி, குதிச்சு, டாம்பரின் அடிச்சுப் பாடற ஆராதனைன்னா எனக்கு உயிரு, அதனால தான் இதை எழுதறேன். முதல் தடவை பிள்ளைங்க கூட்டம் நடத்தப் போற வாலிபப் பசங்களுக்கு எப்படி பண்ணணும், எங்க பண்ணவே கூடாதுன்னு யாரும் உக்கார வெச்சு சொல்றதில்ல, பாட்டு லிஸ்ட்டும் டி-ஷர்ட் சைஸும் மட்டும் தான் பேசறாங்க. எல்லாத்துக்கும் நான் வெச்சிருக்கிற அளவு ஒண்ணே ஒண்ணு: கூட்டம் முடிஞ்சு வீட்டுக்குப் போற பிள்ளை அங்க நடந்த எல்லாத்தையும் அவங்க அம்மாகிட்ட ஒண்ணு விடாம சொல்ல முடியணும். சொல்றதுக்கு பயப்படற மாதிரி ஒண்ணு இருந்தா அது நம்ம கூட்டத்துல இருக்கக் கூடாது. கீழ எழுதியிருக்கிறது பூரா இதுல இருந்து வர்றது தான்.

முதல்ல பள்ளிக்கூடம்

நிறைய டீம் பண்றது என்னன்னா நேரா எச்.எம். ரூமுக்குப் போய் "ஒரு மணி நேரம் குடுங்க சார், பிள்ளைங்களுக்கு நல்லொழுக்கம் சொல்லித் தர்றோம்"னு கேக்கறது, உள்ள போனதும் ரெண்டு கதை முடிஞ்சு கோரஸ், கண்ணை மூடுங்க, கை தூக்குங்கன்னு போயிடறது. அது பொய் சொல்லி உள்ள போறது, வேற பேரு அதுக்கு இல்ல. சத்தியத்தை சொல்லப் போறவங்க பொய்யில ஆரம்பிக்கலாமா?

சட்டமும் இதுல தெளிவா இருக்கு. அரசியல் சட்டம் 25வது பிரிவு மதத்தை பின்பத்தவும் பரப்பவும் உரிமை குடுக்குது, அது உண்மை, ஆனா 28வது பிரிவை யாரும் படிக்கிறதில்ல. முழுக்க அரசு பணத்துல நடக்கிற பள்ளிக்கூடத்துல மத போதனையே கூடாதுன்னு அதுல இருக்கு. அப்ப ஊராட்சி ஒன்றியப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, தோடர், கோத்தர், இருளர், பணியர்னு பழங்குடி வீட்டுப் பிள்ளைங்க தங்கிப் படிக்கிற அரசு உண்டு உறைவிடப் பள்ளி, இது எதுக்குள்ளயும் பாட்டுப் புக்கோட போகாதீங்க, எச்.எம். நம்ம சபைக்காரரா இருந்தாலும் சரி. உறைவிடப் பள்ளியை நான் தனியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அங்க இருக்கிற பிள்ளைக்கு ராத்திரி போய் "அம்மா இன்னிக்கு இப்படி நடந்துச்சு"ன்னு சொல்ல அம்மா பக்கத்துல இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட நீங்க என்ன கேட்டாலும் தலையாட்டும், அந்தத் தலையாட்டலை விசுவாசம்னு எழுதிக்கிட்டு வரக் கூடாது.

அரசு உதவி பெறும் பள்ளி, நம்ம மிஷன் பள்ளி, அரசு அங்கீகாரம் வாங்கின தனியார் பள்ளி இதுக்கெல்லாம் அதே 28ல மூணாவது உட்பிரிவு. அங்க ஆராதனை, வேத வகுப்பு நடத்தலாம், ஆனா கட்டாயப்படுத்தி உக்கார வெக்க முடியாது, பிள்ளை மைனரா இருந்தா பெத்தவங்க அல்லது கார்டியன் சம்மதம் இருந்தா தான். மிஷன் பள்ளியில படிக்கிற பிள்ளைங்க நிறைய பேரு இந்து வீட்டுப் பிள்ளைங்க, படகர் வீடு, எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கிற லைன் வீடு, முஸ்லிம் வீடும் உண்டு, அவங்க நம்பி அனுப்பறது படிப்புக்கு. அட்மிஷன் பாரத்துல போட்ட கையெழுத்தை காட்டி "அப்பவே சம்மதிச்சிட்டாங்க"ன்னு சொல்றது நியாயமே இல்ல, காலையில அசெம்பிளியில ஒரு ஜெபம் சொல்றதும் வெளி டீம் வந்து ரெண்டு மணி நேரம் குதிச்சு அழுது ஜெபிக்க வெக்கறதும் ஒண்ணு கிடையாது. அதுக்கு தனியா கேக்கணும்.

வேண்டாம்னு சொன்ன பிள்ளைக்கு என்ன இடம்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. லைப்ரரி, விளையாட்டு, டிராயிங், ஏதோ ஒண்ணு, ஒரு டீச்சரோட. வெராண்டாவுல பனியில நிக்க வெக்கறது தண்டனை தான். கேரளாவுல மூணு பிள்ளைங்க அவங்க விசுவாசத்துக்காக தேசிய கீதத்தை பாடாம மரியாதையா எழுந்து மட்டும் நின்னாங்கன்னு ஸ்கூலை விட்டு அனுப்பினப்ப 1986ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பிள்ளைங்க பக்கம் தான் தீர்ப்பு சொல்லுச்சு. அவங்க யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். தேசிய கீதத்துக்கே வாயைத் திறக்க வெக்க முடியாதுன்னா நம்ம கோரஸுக்கு மட்டும் கை தட்டியே ஆகணும்னு எப்படி சொல்றது?

இதுல நமக்கு மட்டும் தனி சட்டம்னு நினைக்காதீங்க. 2024ல சென்னையில அரசு பள்ளிக்குள்ள ஒருத்தர் வந்து போன ஜென்ம பாவம், மறுபிறவின்னு பேசி, பார்வை இல்லாத ஒரு ஆசிரியர் எழுந்து எதிர்த்துக் கேட்டாரு, பேசினவர் கைதானாரு, வெளி ஆளுங்க நிகழ்ச்சிக்கு புது விதிமுறை கொண்டு வருவோம்னு அரசு சொல்லுச்சு. நம்மாளுங்க அன்னிக்கு அதை ஷேர் பண்ணினாங்க, சரி தான், அதே அளவு நமக்கும். இன்னொண்ணு, வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு "அமெரிக்காவுல ஸ்கூல்லயே பைபிள் கிளப் நடத்தறாங்களே"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு. 2001ல அங்க சுப்ரீம் கோர்ட் குட் நியூஸ் கிளப் கேஸ்ல அப்படி தீர்ப்பு குடுத்தது நிஜம், ஆனா அது பள்ளி நேரம் முடிஞ்சப்புறம், பெத்தவங்க அனுமதியோட வர்ற பிள்ளைங்களுக்கு, அந்த நாட்டு சட்டப்படி. இங்க செல்லாது.

அப்ப எங்க நடத்தறது, சர்ச் ஹால்ல நடத்துங்க, சபைக்காரங்க வீட்டு முத்தத்துல நடத்துங்க, மே மாச லீவுல நடத்துங்க. வர்றவங்க தானா வரட்டும்.

பெத்தவங்களுக்கு லெட்டர்

இது இல்லாம ஒரு பிள்ளையையும் உள்ள எடுக்காதீங்க, சபைப் பிள்ளையா இருந்தாலும். "சிறுவர் மகிழ்ச்சி முகாம்"னு மட்டும் போட்டு பலூன் படம் போட்ட நோட்டீஸ் போதாது. நான் எழுதற மாதிரி கீழ இருக்கு, வேணும்னா அப்படியே எடுத்துக்கோங்க:

"அன்புள்ள பெற்றோருக்கு, எங்கள் சபையில் மே மாதம் சிறுவர்களுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. இது கிறிஸ்தவ நிகழ்ச்சி. இயேசுவின் கதைகள் சொல்வோம், கைதட்டி ஆடிப் பாடுவோம், சத்தமாக ஜெபிப்போம். உங்கள் பிள்ளை எதிலும் கலந்துகொள்ளாமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். நீங்களும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். மதம் மாறும்படி யாரிடமும் கேட்க மாட்டோம். உங்கள் அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்க மாட்டோம்."

கீழ நேரம், இடம், பொறுப்பாளர் ரெண்டு பேரோட போன் நம்பர், கையெழுத்துக்கு இடம். "இது கிறிஸ்தவ நிகழ்ச்சி"ங்கற வரியை எடுத்துடலாம்னு கமிட்டியில ஒருத்தர் சொல்வாரு, விட்டுக் குடுக்காதீங்க, லெட்டருக்கு உயிரே அந்த வரி தான்.

கொழுந்து எடுக்கப் போற அம்மாங்களுக்கு படிக்க நேரம் இருக்காது, சாயங்காலம் லைன் வீட்டுக்குப் போய் வாசல்ல நின்னு வாயால சொல்லுங்க. இப்ப எஸ்டேட்ல ஜார்க்கண்ட், அசாம்ல இருந்து வந்த குடும்பங்க நிறைய, தமிழ் லெட்டர்ல அவங்க கையெழுத்து வாங்கறதுல ஒரு அர்த்தமும் இல்ல, இந்தி தெரிஞ்ச ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க. படகர் ஹட்டிக்கு (அவங்க ஊரை அப்படித் தான் சொல்வாங்க) போனா படகர் பாஷை பேசற நம்ம சபை அக்கா யாராவது கூட வரட்டும், முதல்ல வீட்டுப் பெரியவங்ககிட்ட பேசிட்டு அப்புறம் பிள்ளைங்ககிட்ட பேசுங்க. வேண்டாம்னு சொன்னா "சரிங்க, பரவால்ல"ன்னு சிரிச்ச முகத்தோட வந்துருங்க, அடுத்த வாரம் திரும்பப் போய் நிக்காதீங்க.

பாட்டு, ஆட்டம், சத்தம்

இங்க தான் எனக்குப் பேச நிறைய இருக்கு. சத்தமா ஆராதிக்கிறது வெளிநாட்டுல இருந்து நேத்து இறக்குமதி ஆனதுன்னு சொல்றவங்க இருக்காங்க. அப்படி கிடையாது. அமெரிக்காவுல பெந்தெகொஸ்தே ஆராதனை பரவக் காரணமான அசுசா தெரு எழுப்புதல் 1906, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே மகாராஷ்டிராவுல பண்டித ரமாபாய் ஆதரவில்லாத பெண்களுக்காக நடத்தின முக்தி மிஷன்ல பெண்பிள்ளைங்க நடுவுல அழுகையும் கூட்டு ஜெபமுமா எழுப்புதல் வந்தாச்சு, அதுக்கும் எவ்வளவோ முன்னாடி 1860ல நம்ம திருநெல்வேலிச் சீமையில ஜான் கிறிஸ்டியன் அருளப்பன்ங்கற ஊழியர் காலத்துல நடுக்கம், கண்ணீர், அந்நிய பாஷை எல்லாம் நடந்திருக்கு. தாவீது ராஜாவே உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னாடி ஆடினவரு. நம்ம மலைப் பிள்ளைங்களுக்கும் ஆட்டம் புதுசில்ல, கோத்தரோட குழலும் மேளமும், படகரோட ஹெத்தையம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுல வெள்ளை கட்டிக்கிட்டு ஹட்டி ஹட்டியா நடக்கிற கூட்டமும் பாத்து வளர்ற பிள்ளைங்க. அதனால சத்தத்துக்கு வெக்கப்பட வேண்டாம், சத்தத்தை வெச்சு பிள்ளையை என்ன பண்றோம்ங்கறது தான் கேள்வி.

நான் பாட்டு அடுக்கற விதம் இப்படி. முதல் பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச, ரெண்டு வரி திரும்பத் திரும்ப வர்ற ஆக்‌ஷன் சாங், உக்காந்துக்கிட்டே கை மட்டும். ரெண்டாவது எழுந்து நின்னு. மூணாவதும் நாலாவதும் தான் குதிக்கிறது, அங்க டாம்பரின், ரிதம் பேட், என்ன இருக்கோ போடுங்க. அதுக்கு மேல ஏத்தாதீங்க, அஞ்சாவதுல இருந்து இறங்கணும், மேட்டுப்பாளையம் ரோட்டுல வண்டி இறக்கற மாதிரி ஒவ்வொரு கியரா குறைச்சு. கடைசிப் பாட்டு உக்காந்து, மைக் இல்லாம, கீபோர்டும் இல்லாம பிள்ளைங்க குரல் மட்டும். குதிக்கிற பாட்டு முடிஞ்ச கையோட, மூச்சு வாங்கிட்டு நெஞ்சு படபடன்னு இருக்கிறப்ப ஜெப அழைப்பு குடுக்கறாங்க பாருங்க, அது எனக்கு சுத்தமா பிடிக்காது. அந்தப் படபடப்பை பிள்ளை "ஆவியானவர் தொட்டாரு"ன்னு நினைச்சுக்கும், வீட்டுக்குப் போனப்புறம் அது இல்லாதப்ப "என்னை விட்டுப் போயிட்டாரு"ன்னு நினைக்கும். நடுவுல கதை, டிராயிங், டீ எல்லாம் வரட்டும், உடம்பு அடங்கட்டும், அப்புறம் ஜெபம்.

கை தட்டாத பிள்ளை எல்லா கூட்டத்துலயும் இருக்கும். "ஏய் கடைசி வரிசை, சத்தம் கேக்கல, பிசாசு தான் சும்மா உக்காரும்"னு மேடையில இருந்து சொல்றதை என் காதால கேட்டிருக்கேன். ஒரு பிள்ளையைப் பாத்து அந்த வார்த்தை சொல்லவே கூடாது. கூச்சம் இருக்கும், காது வலி இருக்கும், வீட்டுல சாவு நடந்திருக்கும், ஆட்டிசம் இருக்கிற பிள்ளையா இருந்தா ஸ்பீக்கர் சத்தமே அதுக்கு அடி வாங்கற மாதிரி வலிக்கும். ஹால் ஓரத்துல பாய் போட்டு கலர் பென்சிலும் பேப்பரும் வெச்சு ஒரு அக்கா உக்காந்திருக்கட்டும், யாரு வேணா அங்க போகலாம்னு முதல் நாளே அறிவிச்சிருங்க. அங்க போற பிள்ளையை ஏன்னு கேக்காதீங்க. எலியாவுக்கு ஆண்டவர் புயல்லயும் நெருப்புலயும் இல்லாம மெல்லிய சத்தத்துல தான் பேசினாருன்னு நாமளே பிரசங்கம் பண்றோமே.

ஸ்பீக்கர் விஷயம். நம்ம ஹால் பாதிக்கு மேல தகரக் கூரை, சத்தம் அடிச்சுத் திரும்பும், மழை பேஞ்சா அதுக்கு மேல வால்யூம் ஏத்துவாங்க. போன்ல டெசிபல் பாக்கற ஆப் இருக்கு, போட்டுப் பாருங்க. பிள்ளைங்க காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும், சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமா குறையும். சின்ன ஹால்ல முப்பது பிள்ளைங்க பாடினாலே போதும், ஸ்பீக்கர் எதுக்குன்னு தான் நான் கேப்பேன். வெளிய வெக்கறதா இருந்தா 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி எழுத்துல அனுமதி வாங்கணும், ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் கூடாது, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டை சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். அதே வருஷம் சென்னையில ஒரு பெந்தெகொஸ்தே சபை மேல அக்கம்பக்கத்துக்காரங்க போட்ட கேஸ்ல, அடுத்தவங்க நிம்மதியைக் கெடுத்து ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கீழ இருந்து வர்ற டீமுக்கு இன்னொண்ணு, ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2200 மீட்டருக்கு மேல, முதல் நாள் குதிச்சா உங்களுக்கே மூச்சு வாங்கும், வீசிங் இருக்கிற பிள்ளை யாருன்னு லெட்டர்லயே கேட்டு வெச்சுக்கோங்க.

அழுகை, கீழ விழறது

பெரியவங்க கூட்டத்துல நடக்கறது பெரியவங்களோட. பிள்ளைங்க பாத்ததை அப்படியே செய்யும், ஒருத்தி அழுதா பக்கத்துல பத்து பேர் அழுவாங்க, முன்னாடி நிக்கிற அண்ணன் விழுந்தா ரெண்டு பசங்க விழுவாங்க. அதை எழுப்புதல்னு வீடியோ எடுத்து குரூப்புல போடாதீங்க. அழற பிள்ளையை மேடைக்குக் கூட்டிட்டு வராதீங்க, ஒரு அக்கா பக்கத்துல போய் உக்காந்து தண்ணி குடுத்து "என்னம்மா"ன்னு கேக்கட்டும், பாதி நேரம் பசியோ வீட்டுல அப்பா குடியோ தான் வெளிய வரும். அடி, தொந்தரவுன்னு ஏதாவது சொல்லுச்சுன்னா ஜெபிச்சு அனுப்பிட்டு சும்மா இருக்கக் கூடாது, பிள்ளைங்க உதவி எண் 1098க்கு போன் பண்ணுங்க, பாலியல் விஷயமா இருந்தா போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும். தலையில கை வெச்சுத் தள்ளறது, காதுல கத்தறது, பேய் ஓட்டறது பிள்ளைங்ககிட்ட வேண்டவே வேண்டாம். சர்ச் உள்ளயும் சரி டாய்லெட் பக்கமும் சரி, ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர்.

கதை சொல்றப்ப

எழுத்தே இல்லாம ஒவ்வொரு பக்கமும் ஒரு கலரா வெச்சு சுவிசேஷம் சொல்ற அந்த கலர் புக் எல்லா டீமும் கொண்டு வரும். 1866ல லண்டன்ல ஸ்பர்ஜன்ங்கற பிரசங்கியார் கருப்பு, சிவப்பு, வெள்ளைன்னு மூணு பக்கம் வெச்சுப் பேசினதுல இருந்து வந்தது, 1875ல டி.எல். மூடிங்கற அமெரிக்க பிரசங்கியார் தங்கக் கலரை சேர்த்தாரு, பச்சை பிற்பாடு. அதுல கருப்புன்னா பாவம். பணியர், இருளர் பிள்ளைங்களும் வெயில்ல கருத்த லைன் வீட்டுப் பிள்ளைங்களும் உக்காந்திருக்கிற இடத்துல "கருப்பு இதயம் அழுக்கு, வெள்ளை இதயம் சுத்தம்"னு சொன்னா அந்தப் பிள்ளை தன் கையைத் தான் பாக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துட்டு ஒரு விளக்கு கொண்டு போங்க, இருட்டு வெளிச்சம்னு சொல்லுங்க, கதை ஒண்ணும் கெட்டுப் போகாது. சின்னப் பிள்ளைங்களுக்கு நரகம், நெருப்புன்னு சொல்லி ராத்திரி தூக்கத்தைக் கெடுக்காதீங்க.

பொட்டை அழிக்கச் சொல்லாதீங்க, விபூதியைத் தொடாதீங்க, கையில கட்டின கயிறை அவுக்கச் சொல்லாதீங்க. "உங்க வீட்டுல இருக்கிறது பிசாசு"ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அந்தப் பிள்ளையோட பாட்டியை பிசாசைக் கும்பிடறவன்னு சொல்லிட்டீங்கன்னு அர்த்தம். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில குழந்தை வேலப்பர் தேர் இழுத்துட்டு வர்ற பிள்ளையும் இங்க ஹெத்தையம்மனை கும்பிடற பிள்ளையும் அந்த மரியாதையோடயே வீட்டுக்குத் திரும்பணும். இயேசுவைப் பத்தி சொல்ல நமக்கு அவ்வளவு இருக்கு, அடுத்தவங்களைப் பழிச்சுத் தான் சொல்லணும்னு இல்ல.

"எனக்கும் இயேசு வேணும் அக்கா"

இப்படி ஒரு பிள்ளை வந்து சொல்லும், உங்க கண்ணு கலங்கும், எனக்கும் கலங்கும். ஆனா கவனமா இருங்க. எல்லாரும் கண்ணை மூடி கை தூக்குங்கன்னு கூட்டமா கேக்காதீங்க, தூக்கினவங்களுக்கு பென்சில் பாக்ஸ் குடுக்காதீங்க, எத்தனை கைன்னு எண்ணி ரிப்போர்ட் எழுதாதீங்க. தனியா வந்து கேக்கற பிள்ளைகிட்ட நான் சொல்றது: "நீ ஜெபிக்கலாம் கண்ணு, யாரும் தடுக்க முடியாது, இன்னிக்கு வீட்டுல போய் அம்மாகிட்ட என்ன பேசினோம்னு சொல்லு." அந்தப் பிள்ளை "அம்மாகிட்ட சொன்னா அடிப்பாங்க, நீங்களும் சொல்லாதீங்க"ன்னு சொன்னா, அங்க நிறுத்திக்கணும். ஞானஸ்நானம், பேர் மாத்தறது, வீட்டுல பிரசாதம் சாப்பிடாதே, கோயிலுக்குப் போகாதேன்னு சொல்லிக் குடுக்கறது எதுவும் வேண்டாம், பெத்தவங்களுக்குக் கீழ்ப்படின்னு தான் நம்ம வேதமும் சொல்லுது. பதினெட்டு வயசு ஆனப்புறம் அவங்களே யோசிச்சு வரட்டும், வந்தா வாசல் திறந்து தான் இருக்கும். சில ஊழியர்களுக்கு இது கோபம் வரும், "ஆத்துமா அழிஞ்சு போனா நீங்க பதில் சொல்வீங்களா"ன்னு கேப்பாங்க. அந்த ஆத்துமாவை உண்டாக்கினவரு நம்மளை விட பொறுமைசாலின்னு நான் நம்பறேன்.

மத்த ஏற்பாடு

கூட்டத்தை காலையில வைங்க, சாயங்காலம் வைக்கிறதா இருந்தா நாலரைக்குள்ள முடிச்சிருங்க. பனி இறங்கினா எஸ்டேட் பாதையில காட்டெருமை நிக்கும், கோத்தகிரி பக்கம் கரடி வேற, டீத் தோட்டத்துக்குள்ள பிள்ளைங்களை தனியா அனுப்பாதீங்க, ஒவ்வொரு லைனுக்கும் ஒரு அண்ணன் ஒரு அக்கா கூடப் போய் வீட்டுல விட்டுட்டு வரணும். வெளியூர் வேனுக்கு இ-பாஸ் போட்டுக்கோங்க, 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கேக்கறாங்க, அதோட மே மாசம் மலர் கண்காட்சி கூட்டத்துல பர்லியாறுலயே வண்டி நின்னுடும், ஒரு நாள் முன்னாடியே வந்துருங்க. பிளாஸ்டிக் கப், தண்ணி பாட்டில் எடுத்துட்டு வராதீங்க, செக்போஸ்ட்ல பிடுங்கிருவாங்க. சாப்பிட வர்க்கியும் டீயும், இல்ல சூடா சுண்டல், உள்ள வந்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு, வசனம் சொன்னவனுக்கு ரெண்டு சொல்லாதவனுக்கு ஒண்ணுன்னு கிடையாது.

கடைசி நாள் பெத்தவங்களைக் கூப்பிடுங்க. பிள்ளைங்க பாடின பாட்டையே அவங்க முன்னாடி பாடட்டும், அதே குதிப்போட, சொன்ன கதையையே சொல்லட்டும், அவங்களுக்குன்னு தனியா மாத்தாதீங்க. ஒரு அப்பா எழுந்து "இதெல்லாம் என் பொண்ணுக்கு வேண்டாம்"னு சொன்னா மைக்கைக் கீழ வெச்சுட்டு போய் அவர் பக்கத்துல உக்காந்து கேளுங்க, அந்தப் பிள்ளை பேரை அடுத்த வருஷ லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க, ரோட்டுல பாத்தா முன்ன மாதிரியே அவகிட்ட சிரிச்சுப் பேசுங்க. கையெழுத்து வாங்கின லெட்டர் எல்லாத்தையும் சர்ச் ஆபீஸ்ல பைல் போட்டு வைங்க, போன் நம்பர் எழுதின லிஸ்ட்டை மட்டும் எந்த டீமும் கீழ எடுத்துட்டுப் போகக் கூடாது.